காட்டுக் கீச்சானுக்கு மடகாஸ்கரில் சொந்தமா?

2025 ஜனவரி 5, காலை

திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இருபது வருடமாகக் காட்டுக் கீச்சானைப் பார்த்து வருகிறேன். என் குறிப்பேட்டில் அது குயில்கீச்சான், மின்சிட்டு இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. இந்தியப் பறவைகளுக்குக் கையேடு எழுதிய சலீம் அலியும் ரிப்ளியும் அங்கேதான் வைத்தார்கள். இப்போது எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அது 'வாங்கிடே' குடும்பம் என்று போட்டிருக்கிறது. வாங்கா என்றால் மடகாஸ்கர் தீவில் மட்டும் இருக்கும் பறவைக் கூட்டம் என்றுதான் நான் படித்தது. நம் ஊர்க் கருவேல மரத்தில் புழு பொறுக்கும் பறவைக்கு அங்கே என்ன சொந்தம்?

டிஎன்ஏவைப் படித்தார்களாம், அதனால் மாற்றினார்களாம். என் கட்சி இது: ஒரு பறவையை அதன் அலகு, கால், சிறகு, குரல், கூடு எல்லாம் வைத்துத்தான் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் நாலு எழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு வயற்காட்டில் நிற்பவனிடம் 'நீ பார்த்தது தப்பு' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 5, இரவு

யோசித்துப் பார்த்தேன். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை. பிரிந்தபோது ஆளுக்குக் கொஞ்சம் பறவைகளை எடுத்துக்கொண்டு போயிருக்கும். அப்படியானால் சொந்தம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பாதிக் கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி இருக்கிறது.

ஜனவரி 9

மேலே எழுதியது தப்பு. ஒருவர் சுருக்கமாகக் கேட்டார், 'எத்தனை கோடி வருடம் முன்னால் பிரிந்தது என்று பார்த்தீர்களா?' பார்த்தேன். மடகாஸ்கரிடமிருந்து இந்தியா விலகியது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். வாங்காக்களின் மூதாதை அந்தத் தீவில் வந்து இறங்கியதோ கடந்த இரண்டு மூன்று கோடி ஆண்டுகளுக்குள்தான். நடுவில் கடல் ஏற்கெனவே விரிந்து கிடந்தது. அப்படியென்றால் பறந்துதான் போயிருக்க வேண்டும். நிலம் பிரிந்த கதை இங்கே பொருந்தாது. அதை நம்பி வேறு யாரிடமும் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இப்போதைய வாங்கிடே குடும்பத்தில் மடகாஸ்கர்ப் பறவைகள் மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவின் தொப்பிக் கீச்சான்கள், தென்கிழக்கு ஆசியாவின் ஃபிலன்டோமா, நம் காட்டுக் கீச்சான், மலைக்காட்டில் இலைக்கு இலை தாவும் கருப்பு வெள்ளை ஹெமிபஸ் எல்லாம் அதில் உண்டு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியிருந்த ஒரு குலத்தின் ஒரு கிளை தீவுக்குப் போய்ப் பெருகியிருக்கிறது. நான் கதையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். நம் பறவை அங்கிருந்து வந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 12

ஞாயிறு. காலை ஆறரைக்கே போய்விட்டேன். ஒரு ஜோடி கிடைத்தது. இந்த முறை இதுவரை பார்க்காத பறவையைப் பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்தேன்.

சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு. கண்ணை ஒட்டிக் கன்னத்தில் கரும்பட்டை, அதற்கு மேலே வெளுத்த புருவம். வால் விரியும்போது மட்டும் இரண்டு ஓரத்திலும் வெள்ளை தெரியும். அலகு கனமானது, நுனியில் சின்னக் கொக்கி. ஒன்று ஒரு பச்சைப் புழுவைப் பிடித்துக் கிளையில் இரண்டு முறை அடித்து, அலகிலேயே திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கியது. மற்றது பக்கத்து வேம்பில் இலைகளின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனது. முள்ளில் இரையைக் குத்திவைக்கும் கீச்சானின் முரட்டுத்தனம் இதனிடம் இல்லை. ஈப்பிடிப்பான் போலக் காற்றில் எழும்பிப் பிடித்துத் திரும்புவதும் குறைவுதான். மின்சிட்டு போலவும் இல்லை.

அரை மணி நேரம் பார்த்தேன். இது எந்தக் குடும்பம் என்று கண்ணை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் என்னால் சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ஜனவரி 14

பொங்கல் வேலைக்கு நடுவில் ஒரு சின்னக் குறிப்பு. காட்டுக் கீச்சானின் அறிவியல் பெயரில் 'பாண்டிச்சேரியானஸ்' இருக்கிறது. புதுச்சேரிதான். 1789இல் ஜெர்மன் இயற்கையியலாளர் கெமலின் பெயர் வைத்தபோது 'மஸ்கிகாபா பாண்டிச்சேரியானா' என்றார். மஸ்கிகாபா என்றால் ஈப்பிடிப்பான் பேரினம். ஆக இந்தப் பறவை முதலில் ஈப்பிடிப்பானாக இருந்து, ஆங்கிலப் பெயரிலும் தமிழ்ப் பெயரிலும் கீச்சானாகி, பிறகு குயில்கீச்சான்களோடு சேர்ந்து, இப்போது வாங்கா ஆகியிருக்கிறது. டிஎன்ஏ வருவதற்கு முன்பே வீடு மாறிக்கொண்டே இருந்த பறவை. அந்த மாற்றங்களை எல்லாம் செய்தவர்கள் அலகையும் காலையும் பார்த்தவர்கள்தான்.

முதல் குறிப்பில் நான் அவ்வளவு சூடாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஜனவரி 26

'ஈப்பிடிப்பான்' என்ற பெயரையே எடுத்துப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன், தலை சுற்றியது.

அரசவால் ஈப்பிடிப்பான் நம் தோப்புகளுக்குக் குளிர்காலத்தில் வரும், நீண்ட வெள்ளை வாலோடு. அது உண்மையான ஈப்பிடிப்பான் குடும்பம் இல்லை. காக்கை, கீச்சான், இரட்டைவால் குருவி இவற்றுக்கு நெருக்கமான வேறு குடும்பம். விசிறிவால் குருவியும் அந்தப் பக்கம்தான். கொடைக்கானலில் சாம்பல் தலையும் மஞ்சள் வயிறுமாகத் துருதுருவென்று திரியும் ஈப்பிடிப்பான் இன்னொரு குடும்பம், பட்டாணிக் குருவிக்குக் கிட்டத்துச் சொந்தம். அப்புறம், வீட்டு மொட்டைமாடியில் விடியலில் பாடும் குண்டுகரிச்சானைப் பழைய நூல்கள் பூங்குருவிகளோடு வைத்தன. அதன் டிஎன்ஏவோ ஈப்பிடிப்பான் குடும்பத்துக்குள் இருக்கிறது, ஈயை அது பெரிதாகச் சட்டை செய்யாவிட்டாலும்.

பறந்து போய்ப் பூச்சியைப் பிடிப்பது ஒரு தொழில். தொழிலுக்கு ஏற்ப அலகும் அமையும், அலகடியில் மயிரும் முளைக்கும். ஒரே தொழில் செய்கிறவர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணியதுதான் பழைய பிழை. தகைவிலானும் உழவாரனும் இதற்குப் பழைய உதாரணம். இரண்டும் வானத்திலேயே வாழ்கின்றன, இரண்டுக்கும் அரிவாள் சிறகு. ஆனால் உழவாரனுக்கு உறவு அமெரிக்காவின் தேன்சிட்டு போன்ற ஹம்மிங் பறவைகள். தகைவிலான் பாடும் பறவைகளில் ஒன்று. இதை டிஎன்ஏ வருவதற்கு வெகுகாலம் முன்பே உடற்கூற்றைப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 2

வல்லூறு கிளிக்குச் சொந்தம் என்ற செய்திக்கு வருகிறேன். 2008இல் 169 பறவை இனங்களின் 19 மரபணு இடங்களைப் படித்து ஹாக்கெட் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு வம்சாவளி மரம் வரைந்தார்கள். அதில் வல்லூறுகள் கழுகு, பருந்துகளை விட்டு விலகி, கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்கும் பக்கத்தில் வந்து நின்றன. நம்ப முடியாமல் பலர் அப்போது தலையை ஆட்டினார்கள். பிறகு வந்த பெரிய ஆய்வுகளிலும் அதே இடம்தான்.

எங்கள் மாடியில் தினமும் வந்து உட்காரும் வைரியைப் பார்க்கும்போதெல்லாம் இனி கிளி ஞாபகம் வரும்.

பிப்ரவரி 3

திருத்தம். வைரி வல்லூறு இல்லை. அது பருந்துக் குடும்பம், கிளிக்கும் அதற்கும் கிட்டத்து உறவு கிடையாது. நான் சொல்ல வந்தது வெட்டவெளியில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் செந்நிற வல்லூறு போன்றவற்றை. நம் பேச்சில் வைரி, வல்லூறு இரண்டும் கலந்துபோய்க் கிடக்கின்றன. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. இந்த ஒரு விஷயத்தில் பெயரைச் சரியாகச் சொல்லாவிட்டால் மொத்தக் கதையும் கெட்டுவிடும்.

பிப்ரவரி 16

'எழுத்துகளை எண்ணுவது' என்று முதல் நாள் எழுதினேன். உண்மையில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்ததில் ஒரு வாரம் போனது.

சார்லஸ் சிப்லி என்ற அமெரிக்கர் முட்டையின் வெள்ளைக்கருவில் ஆரம்பித்தார். வெள்ளைக்கருவில் உள்ள புரதங்களை மின்சாரம் பாயும் கூழ்ப்பரப்பில் ஓடவிட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரம் போய் நிற்கும். அந்தக் கோடுகளின் வரிசையை இனத்துக்கு இனம் ஒப்பிடுவார். சட்டியில் முட்டையை உடைத்து ஊற்றும்போது இப்போதெல்லாம் அந்த வழவழப்பை ஒரு நிமிடம் பார்க்கிறேன். அதிலும் ஒரு வம்சாவளி எழுதியிருக்கிறது.

பிறகு அவரும் ஜான் ஆல்க்விஸ்ட்டும் டிஎன்ஏவுக்கே வந்தார்கள். டிஎன்ஏவில் மாறி மாறி வரும் நாலு வகை வேதிப்பொருள்களைத்தான் எழுத்துகள் என்கிறார்கள். அவற்றை வரிசையாகப் படிக்கும் வசதி அப்போது பெரிய அளவில் இல்லை. சூடுதான் அவர்களின் அளவுகோல். டிஎன்ஏ இரண்டு இழைகள். சூடாக்கினால் பிரியும், ஆறவிட்டால் சேரும். ஒரு பறவையின் ஓர் இழையையும் வேறொரு பறவையின் ஓர் இழையையும் சேரவிட்டால், எழுத்து பொருந்தாத இடங்களில் பிடிப்பு இருக்காது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்ட மாதிரி, அங்கங்கே வாய்பிளந்து நிற்கும். அதனால் குறைந்த சூட்டிலேயே பிரிந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் பிரிகிறதோ அவ்வளவு தூரத்துச் சொந்தம். இந்த ஓர் அளவை வைத்து 1990இல் உலகப் பறவைகள் முழுவதையும் புதிதாக அடுக்கிக் காட்டினார்கள்.

நிறையச் சரி, நிறையத் தவறு. ஆஸ்திரேலியாவின் பல பாடும் பறவைகள் பார்வைக்கு நம் பக்கத்துப் பறவைகளைப் போல இருந்தாலும் தனிக் குலம் என்று கண்டது பெரிய சாதனை. நாரை வரிசைக்குள் கடற்பறவை, பென்குயின், முக்குளிப்பான், வல்லூறு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டது நிற்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சல் இல்லாமல் இருந்திருந்தால் பின்னால் வந்தவர்களுக்குச் சரிபார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

பிப்ரவரி 18

சூட்டை அளப்பது மொத்த வித்தியாசத்தைத்தான் சொல்லும், எந்த எழுத்து எங்கே மாறியது என்று சொல்லாது. இந்த இடத்தில் எனக்கு உ.வே.சாமிநாதையர் ஞாபகம் வந்தார். ஒரே நூலுக்குப் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிச் சேர்த்து, பாடபேதங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பதிப்பித்தவர்.

இரண்டு ஏடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று சந்தேகிக்கலாம். எல்லா ஏட்டிலும் சரியாக இருக்கும் வரி உறவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பகிர்ந்துகொண்ட பிழைதான் உறவைச் சொல்லும். இன்றைய மரபணு மரம் வரைபவர்கள் செய்வது இதேதான். டிஎன்ஏவில் தாமாகவே நகலெடுத்து வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. இரண்டு குடும்பங்களில் ஒரே துண்டு அதே இடத்தில் ஒட்டியிருந்தால், தனித்தனியாக அப்படி நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வல்லூறும் கிளியும் பாடும் பறவைகளும் நெருங்கியவை என்பதற்கு 2011இல் இந்த மாதிரித் துண்டுகளையும் சாட்சியாகக் காட்டினார்கள்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் கோபம் போய்விட்டது. இவர்களும் பார்க்கிறார்கள். அலகைப் பார்த்தவர்களைப் போலவே அடையாளங்களைப் பார்க்கிறார்கள், வேறு இடத்தில்.

மார்ச் 9

கண்மாயில் முக்குளிப்பான் குஞ்சுகளோடு இருந்தது. வரிவரியான இரண்டு குஞ்சுகள் தாயின் முதுகில் சிறகுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தாய் முங்கியதும் இரண்டும் தக்கை போல மேலே மிதந்து கத்தின.

இதற்கு மிக நெருங்கிய சொந்தம் பூநாரை. தனுஷ்கோடியிலும் கோடியக்கரையிலும் முழங்கால் ஆழத்தில் நெடுங்காலில் நிற்குமே, அதேதான். 2001இல் மரபணு ஆய்வு இதைச் சொன்னபோது சிரிப்புக்கிடமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பிறகு எலும்பையும் உடலையும் பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் சான்றுகள் கிடைத்தன. இரண்டின் முட்டைக்கும் மேலே சுண்ணாம்பு போன்ற ஒரு பூச்சு. இரண்டின் குடலிலும் வாழும் ஒரு நாடாப்புழுக் குடும்பம் வேறெந்தப் பறவையிலும் இல்லை. புழு முன்பே அறிந்திருந்தது, நாம்தான் கேட்கவில்லை.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. டிஎன்ஏ சொன்னதும் கண் வேலை முடிந்துவிடவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கு வழி காட்டியது.

மார்ச் 10

பூநாரைக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2014இல் 48 பறவைகளின் முழு மரபணுத்தொகையைப் படித்து ஒரு பெரிய மரம் வந்தது. அதில் பூநாரையும் முக்குளிப்பானும் புறாக்களின் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தன. முழு மரபணுத்தொகை என்றால் அதற்கு மேல் அப்பீலே இல்லை என்று நினைத்தோம்.

2024இல் 363 இனங்களின் மரபணுத்தொகையோடு அடுத்த மரம் வந்தது. புறாத் தொடர்பு காணாமல் போனது. காரணத்தைத் தேடியவர்கள் நான்காம் குரோமோசோமில் ஒரே தொடர்ச்சியான ஒரு பகுதியைக் கண்டார்கள், சுமார் 2.1 கோடி எழுத்து நீளம். மொத்தத்தில் இரண்டு சதவீதம்தான். தலைமுறைக்குத் தலைமுறை தாய்வழியும் தந்தைவழியும் கலந்து மாறும் வேலை அந்தப் பகுதியில் மட்டும் பழங்காலத்தில் நின்றுபோயிருந்தது. அதனால் அந்தப் பகுதி முழுவதும் ஒரே கட்டாக இறங்கி, ஒரே பொய்யை ஆயிரம் வாயால் சொன்னது. ஏட்டு உவமையிலேயே சொன்னால், நூல் முழுக்க ஓர் ஏட்டைப் பார்த்து எழுதியவர் நடுவில் ஒரே ஒரு காண்டத்தை மட்டும் வேறு ஊர் ஏட்டிலிருந்து எழுதிவிட்டார். அந்தக் காண்டத்தை எண்ணிப் பார்த்தவர்கள் ஊரை மாற்றிச் சொன்னார்கள்.

முக்குளிப்பான், பூநாரை சொந்தம் மட்டும் இரண்டு மரத்திலும் அசையவில்லை.

மார்ச் 23

'எத்தனை வித்தியாசம் இருந்தால் தனிக் குடும்பம்?' என்று கேட்டிருந்தார்கள். அப்படி ஓர் அளவு கிடையாது. மரம் எப்படிக் கிளைத்தது என்பதை டிஎன்ஏ சொல்லும். எந்தக் கணுவில் கோடு கிழித்து 'இது ஒரு குடும்பம்' என்பது மனிதர்கள் பேசி முடிவு செய்வது. ஒரே நிபந்தனை, ஒரு மூதாதையின் வாரிசுகள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும், வெளியாள் இருக்கக் கூடாது.

கிழக்கு இமயமலையிலிருந்து சீனா வரை இருக்கும் எலச்சூரா என்ற குருவி பல காலம் சிலம்பன்களில் ஒன்றாக இருந்தது. உருவில் அவற்றின் அச்சு. 2014இல் டிஎன்ஏவைப் பார்த்தால் அதற்கு உயிரோடு இருக்கும் நெருங்கிய சொந்தமே இல்லை. ஒரே ஓர் இனத்துக்கு ஒரு குடும்பம் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், நம் தோட்டத்துத் தவிட்டுக்குருவி இருந்த பழைய சிலம்பன் குடும்பத்தைப் பார்த்தால், மூக்குக்கண்ணாடி போட்டது போல இருக்கும் வெள்ளைக்கண்ணி அதற்கு நடுவில் வந்து நின்றது. வெளியாள் என்று நினைத்தது உள்ளாள். வேறு வழியில்லாமல் அந்தப் பழைய குடும்பத்தையே பல குடும்பங்களாகப் பிரித்தார்கள். தவிட்டுக்குருவி இப்போது சிரிப்பான்களோடு இருக்கிறது. அது கூட்டமாகக் கத்துவதைக் கேட்டால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஏப்ரல் 20

கொடைக்கானலுக்குப் போய்வந்தேன். இந்த இழையைத் தொடங்கியபோது மனதில் இல்லாதது, ஆனால் இங்கேதான் எழுத வேண்டும்.

விடிவதற்கு முன் ஒரு சோலையின் ஓரம். பனி இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் குரல்தான், மெல்லிய சீழ்க்கை, எங்கிருந்து என்று பிடிபடவில்லை. பிறகு ஈரத் தடத்தில் பத்தடி தூரத்தில் ஒரு பறவை தத்தி வந்தது. கருநீல உடம்பு, வெள்ளை வயிறு, நீண்ட கால், நெற்றியில் வெளிறிய நீலம். ஓர் உளுத்த இலையைப் புரட்டி எதையோ கொத்தியது, நிமிர்ந்து ஒரு நொடி பார்த்தது, புதருக்குள் போய்விட்டது. அவ்வளவுதான். மூச்சை விட்டேன்.

இதற்கு ஆங்கிலத்திலேயே இப்போது 'சோலைக்கிளி' என்றுதான் பெயர். தமிழருக்கு கிளி என்றால் பச்சைக்கிளி. மலையாளத்தில் சின்னப் பறவை எதுவும் கிளி. பெயர் அப்படி வந்தது. நீலகிரியில் இருக்கும் இதன் சகோதர இனத்துக்குப் பெயர் வைத்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜெர்டன் அதைச் செவ்வால் குருவிகளோடு சேர்த்தார். பிறகு நெடுங்காலம் குறுஞ்சிறகன் என்ற இமயமலைப் பேரினத்தில் இருந்தது. 2017இல் ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்டவர்கள் டிஎன்ஏவைப் பார்த்து, இது அந்தக் குறுஞ்சிறகனே இல்லை, ஈப்பிடிப்பான் குடும்பத்துக்குள் தனிக் கிளை என்று காட்டினார்கள். 'ஷோலிகோலா' என்று புதுப் பேரினம். நம் 'சோலை' என்ற சொல் உலகப் பறவைப் பெயரில் போய் உட்கார்ந்துவிட்டது. அதே கட்டுரையில் நம் மலைச் சிரிப்பான்களுக்கும் 'மான்டிசிங்க்லா' என்ற புதுப் பேரினம் கிடைத்தது.

சுஷ்மா ரெட்டி என்ற பெயரைப் பார்த்ததும் எங்கேயோ படித்தோமே என்று தோன்றியது. 2012இல் வாங்காக்களின் பரவலைப் பற்றி வந்த ஆய்வு ஒன்றின் முதல் ஆசிரியரும் அவர்தான். என் காட்டுக் கீச்சானும் இந்தச் சோலைக்கிளியும் ஒரே கையைத் தொட்டுப் போயிருக்கின்றன.

ஏப்ரல் 21

நேற்று எழுதியதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். நீலகிரிச் சோலைக்கிளியும் பழனி மலைச் சோலைக்கிளியும் ஏன் வேறு இனம்? நடுவில் பாலக்காட்டுக் கணவாய். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலச் சமவெளி. கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் பாலக்காடு போகிறவர்களுக்கு ஜன்னலில் காற்று அடிக்கும் இடம். சோலையின் குளிரையும் ஈரத்தையும் விட்டு இறங்காத பறவைக்கு அது கடல். தெற்கே அகத்தியமலைப் பக்கம் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் இன்னொரு சோலைக்கிளி, அது 2017இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது.

2015இல் மேற்கு மலைத் தொடரில் 23 இனங்களைச் சேர்ந்த 356 பறவைகளின் மரபணுவைப் பார்த்தார்கள். 10 இனங்களில் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயிலேயே விழுந்திருந்தது. இதற்குப் பறவைகளைக் கொல்வதில்லை. வலையில் பிடித்து, சிறகுக்கு அடியில் சில துளி ரத்தம் எடுத்து, வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். முதல் நாள் 'ஆய்வகத்தில் எண்ணிப் பார்த்துவிட்டு' என்று எழுதினேனே, அந்தச் சில துளிகளுக்கு எத்தனை விடியல் மலையேறி, நனைந்து, அட்டைக்கடி வாங்கி உட்கார்ந்திருப்பார்கள் என்று நேற்று அந்தத் தடத்தில் நின்றபோதுதான் உறைத்தது. அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15

இந்த வாரம் புதிய உலகப் பட்டியல் வந்திருக்கிறது, அவிலிஸ்ட். இதுவரை ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தவர்கள் சேர்ந்து போட்டது. 11,131 இனங்கள், 252 குடும்பங்கள். ஒரே பட்டியல் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு நூலில் ஒரு குடும்பம், செல்பேசியில் வேறு குடும்பம் என்று அவர்கள் முழிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

என் பழைய குறிப்பேட்டைத் திருத்தப் போவதில்லை. அடித்தால் அந்த வருடத்தில் நாம் என்ன நினைத்தோம் என்பது போய்விடும். ஓரத்தில் பென்சிலால் புதுக் குடும்பத்தையும் தேதியையும் எழுதிக்கொண்டு வருகிறேன். இருநூற்றுச் சொச்சம் பறவைகளில் பாதிக்கு மேல் பென்சில் ஏறிவிட்டது.

ஜூன் 29

ஞாயிறு நடைக்கு ஏழு பிள்ளைகள் வந்தார்கள். அடிவாரத்தில் அதே வேம்பு. காட்டுக் கீச்சான் கூடு கட்டியிருந்தது, கிளை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம். வெளியே சிலந்தி நூலால் மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டி வைத்திருந்ததால் கிளையில் ஒரு முடிச்சு என்றே நினைக்கத் தோன்றும். தொலைவிலேயே நின்று பார்த்தோம். ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்தன, குஞ்சுகளின் வாய் ஒரே ஆரஞ்சு நிறமாகத் திறந்தது.

குடும்பப் பெயர் 'வாங்கா' என்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'வாங்கன்னா கூப்பிடுறதா சார்?' என்றாள். மடகாஸ்கர் மக்களின் மொழியில் அந்தப் பறவையின் பெயர் என்றேன். அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மண்ணில் குச்சியால் ஆப்பிரிக்கா, இந்தியா, நடுவில் தீவு என்று வரைந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'இவ்ளோ தூரம் எப்படி சார் பறந்துச்சு? நடுவுல எங்கயும் உக்காரலையா?' என்றாள்.

இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன். கடல்மட்டம், பழைய காற்றோட்டம் பற்றி யாராவது படித்திருந்தால் எழுதுங்கள், அடுத்த ஞாயிறு அவளுக்குச் சொல்ல வேண்டும்.